வெள்ளியா, ரூபாயா? கார்டு மெஷின் கேட்கும் கேள்வியில் ஒளிந்திருக்கும் கட்டணம்!

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க மதுரையிலிருந்து ஓர் அம்மா போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், சிராங்கூன் சாலையில் உள்ள நகைக்கடை ஒன்றில் பேத்திக்கு மோதிரம் எடுக்கிறார். விலை 400 சிங்கப்பூர் டாலர். அங்கிருக்கும் தமிழர்கள் வாயில் அது ‘400 வெள்ளி’. கையில் இருப்பது நம் ஊர் வங்கி கொடுத்த கிரெடிட் கார்டு. கார்டைச் செருகியதும் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு தொகைகள் வருகின்றன. ஒன்று 400 சிங்கப்பூர் டாலர். மற்றொன்று 27,600 இந்திய ரூபாய்.

“வெள்ளியில கட்டுறீங்களா, ரூபாய்லயா அம்மா?” என்று கேட்கிறார் கடைக்காரர்.

“ரூபாய்லயே போடுங்க தம்பி. அப்பதான் எவ்வளவு போச்சுன்னு எனக்குப் புரியும்.”

இதைவிட நியாயமான பதில் இருக்க முடியாது. தெரிந்த பணத்தில் கட்டுவதுதானே நிம்மதி! ஆனால், அந்த நிம்மதிக்கு அவர் கொடுத்த விலை சுமார் 850 ரூபாய். கடை பில்லில் அந்த 850 ரூபாய் கட்டணம் என்ற பெயரில் எங்கும் இருக்காது. ஊருக்குத் திரும்பி ஸ்டேட்மென்ட் பார்த்தாலும் முழுதாகத் தெரியாது.

வெளிநாட்டுக் கரன்சியில் பணம் கட்டும்போது ஏற்படும் செலவே இப்படித்தான். ஒரே இடத்தில் மொத்தமாகக் கேட்டால் யாரும் யோசிப்பார்கள். நாலு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நாலு இடங்கள் எவை என்று பார்ப்போம்.

முதல் இடம்: விகிதம்

ஒரு கரன்சிக்கு ஒரு நாளில் ஒரே ஒரு விலை இருப்பதில்லை. வங்கிகள் தங்களுக்குள் பெரிய அளவில் வாங்கி விற்கும்போது ஒரு விலை. கூகுளில் தேடினால் வருவது ஏறக்குறைய அந்த விலைதான். நம்மைப் போன்ற வாடிக்கையாளருக்கு வங்கி விற்கும்போது இன்னொரு விலை. நம்மிடமிருந்து திரும்ப வாங்கும்போது மூன்றாவது விலை. இடையில் உள்ள வித்தியாசம்தான் அவர்களுடைய லாபம்.

விமான நிலையங்களில் ‘கமிஷன் இல்லை’ என்று எழுதி வைத்திருக்கும் கவுன்ட்டர்களில் பார்க்க வேண்டியது இதைத்தான். பலகையில் ஒரு சிங்கப்பூர் டாலரை 68 ரூபாய்க்கு விற்கிறார்கள், 62 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,800 ரூபாய் கொடுத்து 100 டாலர் வாங்கிவிட்டு, பயணம் ரத்தாகி அன்றே திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது 6,200 ரூபாய். கமிஷன் ஒரு பைசாகூட இல்லை. ஆனால், 600 ரூபாய் போய்விட்டது!

எனவே, பணம் மாற்றும் கவுன்ட்டரில் ‘கமிஷன் எவ்வளவு?’ என்று கேட்பதைவிட, ‘விற்கும் விலை என்ன, வாங்கும் விலை என்ன?’ என்று இரண்டையும் கேட்பது நல்லது. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ, அவ்வளவு நியாயமான இடம் அது.

இரண்டாவது, மூன்றாவது இடங்கள்: மார்க்அப், அதன் மேல் ஜி.எஸ்.டி

கார்டில் கட்டும்போது, விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் தங்கள் விகிதத்தில் கரன்சியை மாற்றுகின்றன. இந்த விகிதம் பொதுவாகச் சந்தை விலைக்கு நெருக்கமாகவே இருக்கும். அதற்கு மேல்தான் கார்டு கொடுத்த நம் வங்கி தன் பங்கைச் சேர்க்கிறது. இதற்குப் பெயர் ‘ஃபாரின் கரன்சி மார்க்அப்’. இந்தியாவில் பெரும்பாலான கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவிகிதம் வரை இருக்கிறது. அந்த மார்க்அப் தொகைக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஆக, 3.5 சதவிகிதம் என்று சொல்லப்படுவது உண்மையில் 4.13 சதவிகிதம்.

மோதிரத்துக்கே வருவோம். கணக்குக்கு எளிதாக, சந்தையில் ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 டாலருக்கு 26,000 ரூபாய். மார்க்அப் 3.5 சதவிகிதம் என்றால் 910 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி 164 ரூபாய். மொத்தம் 27,074 ரூபாய். அம்மா ‘வெள்ளி’ என்று சொல்லியிருந்தால் ஆகியிருக்கும் செலவு இது. இதுவும் குறைவில்லை. ஆனால், ‘ரூபாய்’ என்று சொன்னதும் கணக்கு இன்னும் ஏறிவிடுகிறது.

நான்காவது இடம்: ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாமே!’

கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களே அது எந்த நாட்டு வங்கியின் கார்டு என்பதைச் சொல்லிவிடும். இந்தியக் கார்டு என்று தெரிந்ததும் மெஷின் தானாகவே ரூபாய்த் தொகையைக் காட்டுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘டைனமிக் கரன்சி கன்வர்ஷன்’ என்று பெயர். சுருக்கமாக டி.சி.சி.

இதில் விகிதத்தை முடிவு செய்வது நம் வங்கியும் அல்ல, விசாவும் அல்ல. கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியும், அதோடு கூட்டுச் சேர்ந்த கரன்சி மாற்று நிறுவனமும்தான். கிடைக்கும் லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. கடைக்காரர்கள் சிலர் ஆர்வத்தோடு ‘ரூபாயிலேயே போடட்டுமா?’ என்று கேட்பதன் காரணம் புரிகிறதா?

அம்மாவுக்கு மெஷின் காட்டிய 27,600 ரூபாயை 400-ஆல் வகுத்தால், ஒரு டாலர் 69 ரூபாய். சந்தை விலையைவிட 4 ரூபாய் அதிகம். இதோடு முடிந்ததா என்றால், இல்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினாலும் நம் ஊர் வங்கிகள் பல, தனியாகச் சுமார் 1 சதவிகிதம் கட்டணம் வசூலிக்கின்றன. 27,600 ரூபாய்க்கு 276 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி 50 ரூபாய். ஆகமொத்தம் 27,926 ரூபாய். 26,000 ரூபாய் பெறுமானமுள்ள மோதிரத்துக்கு 1,926 ரூபாய் கூடுதல். ‘வெள்ளி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் 852 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

டி.சி.சி சட்டவிரோதமானதல்ல. ஆனால், அது வாடிக்கையாளரின் விருப்பம் மட்டுமே. கேட்காமல் ரூபாயில் போடக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் விதி. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போனது. 2020 ஏப்ரல் முதல், இப்படி மாற்றித் தரும்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவிகிதம் அதிகமாக வாங்குகிறார்கள் என்பதை ஐரோப்பியக் கார்டுதாரர்களுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று விதி வகுத்தது. நம்மைப் போன்றவர்களுக்குத் துணை, போனில் இருக்கும் கால்குலேட்டர்தான். ரூபாய்த் தொகையை வெளிநாட்டுத் தொகையால் வகுங்கள். வரும் எண்ணை கூகுள் காட்டும் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். அரை நிமிட வேலை.

ஏ.டி.எம்-மிலும் அதே கேள்வி

வெளிநாட்டு ஏ.டி.எம்-மில் பணம் எடுக்கும்போதும் இந்தக் கேள்வி வரும். கடைசித் திரையில், ‘இந்த விகிதத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினால் பணம் வராதோ என்ற பயத்தில் பலரும் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. கன்வர்ஷன் வேண்டாம் என்று சொன்னாலும் பணம் வரும். மாற்றும் வேலையை நம் வங்கி பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஏ.டி.எம்-மில் வேறு செலவுகளும் சேரும். அந்த ஏ.டி.எம்-மை வைத்திருக்கும் வங்கியின் கட்டணம், நம் வங்கியின் நிலையான கட்டணம், அதற்கு மேல் மார்க்அப். ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் உண்டு என்பதால், ஐந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட ஒரே முறை எடுப்பது சிக்கனம். கிரெடிட் கார்டில் மட்டும் பணமாக எடுக்கவே வேண்டாம். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

வீட்டில் உட்கார்ந்தபடியும் கட்டுகிறோம்

‘நான் வெளிநாடே போவதில்லை, எனக்கென்ன?’ என்று நினைப்பவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மகனோ மகளோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். எட்டுப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 80 டாலர் என்றால் 640 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்ற கணக்கில் 57,600 ரூபாய். அப்பாவின் கார்டில் 4.13 சதவிகிதம் கூடுதலாகப் போனால், அது மட்டும் 2,379 ரூபாய். இன்னொரு விண்ணப்பத்தின் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு!

மாதச் சந்தா கட்டும் செயலிகளிலும் மென்பொருள்களிலும் இதே கதைதான். சில தளங்கள் விலையை ரூபாயில் காட்டும். ஆனால், அந்த நிறுவனம் வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்டதாக இருக்கும். அப்போதும் மேலே சொன்ன 1 சதவிகிதக் கட்டணம் வரலாம். ஓட்டல் அறை பதிவு செய்யும் தளங்களில், ரூபாயில் பார்த்துவிட்டு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் எந்தக் கரன்சி இருக்கிறது என்று கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய பேர்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் அப்படியே வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். திரும்ப வரும் தொகை அன்றைய விகிதத்தில் மாற்றப்படும். நாம் கட்டிய மார்க்அப் பெரும்பாலும் திரும்புவதில்லை. 400 டாலர் கட்டி, 400 டாலரே திரும்ப வந்தாலும் ரூபாயில் துண்டு விழும்.

கல்லூரிக் கட்டணம்: பெரிய தொகை, பெரிய கசிவு

சிறு தொகையில் நூறு, ஆயிரம் என்று போவது பெரிய தொகையில் பத்தாயிரங்களாகப் போகும். பிள்ளையின் கல்லூரிக்கு 10,000 டாலர் அனுப்ப வேண்டும். வங்கியில் விசாரித்தால், “அனுப்பும் கட்டணம் 1,000 ரூபாய்தான்” என்பார்கள். அப்பாடா என்று இருக்கும். ஆனால், சந்தையில் 90 ரூபாய் விற்கும் டாலருக்கு வங்கி 91 ரூபாய் 50 காசு போட்டால், அந்த ஒன்றரை ரூபாயில் மட்டும் 15,000 ரூபாய் போய்விடுகிறது. கட்டணத்தைவிட 15 மடங்கு!

இதற்கு ஜி.எஸ்.டி-யும் உண்டு. கரன்சி மாற்றத்துக்கு முழுத் தொகைக்கும் வரி போடுவதில்லை. 1 லட்சம் ரூபாய் வரை அதில் 1 சதவிகிதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதற்கு 18 சதவிகிதம். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை, கூடுதல் தொகைக்கு அரை சதவிகிதம் மதிப்பாகக் கொள்ளப்படும். மேலே சொன்ன 9,15,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் ஜி.எஸ்.டி சுமார் 914 ரூபாய். ஆகவே வரியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பேரம் பேச வேண்டியது விகிதத்தில்தான். பெரிய தொகை அனுப்புபவர்கள் கேட்டால், பல கிளைகளில் விகிதத்தைக் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் குறைப்பதில்லை.

இன்னொரு சிக்கல், வழியில் கழிவது. இந்தியாவிலிருந்து கிளம்பும் பணம் சில சமயம் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் வழியாகப் போகும். அவை ஒவ்வொன்றும் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டால், 10,000 டாலர் அனுப்பிய இடத்தில் 9,970 டாலர்தான் போய்ச் சேரும். 30 டாலர் குறைந்தாலும் கல்லூரியின் கணக்கில் ‘கட்டணம் பாக்கி’ என்றுதான் இருக்கும். இதைத் தவிர்க்க, விண்ணப்பப் படிவத்தில் கட்டணங்களை யார் ஏற்பது என்ற இடத்தில் ‘அவர்’ என்ற ஆங்கிலக் குறியீட்டைத் தேர்வு செய்ய வேண்டும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவரைச் சேர்ந்தது என்று அதற்குப் பொருள். ‘ஷா’ என்ற குறியீடு இருந்தால் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள்.

டி.சி.எஸ் என்று ஒரு பிடித்தமும் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது இது வரும் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள நடைமுறை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. டி.சி.எஸ் கட்டணம் அல்ல, முன்கூட்டியே பிடிக்கப்படும் வரி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாதவர்களுக்குத்தான் அது நஷ்டம்.

அங்கிருந்து இங்கே வரும் பணம்

இந்தப் பக்கத்திலிருந்து போகும் பணத்தைவிட அந்தப் பக்கத்திலிருந்து வரும் பணம்தான் பல தமிழ்க் குடும்பங்களுக்கு உயிர்நாடி. துபாயில் வேலை பார்க்கும் மகன் மாதம் 2,000 திர்ஹாம் அனுப்புகிறார். ஓரிடத்தில் கட்டணம் உண்டு, இன்னோரிடத்தில் ‘கட்டணம் இலவசம்’. இலவசம்தான் லாபம் என்று தோன்றும். ஆனால், இலவச இடத்தில் ஒரு திர்ஹாமுக்கு 20 காசு குறைவாகக் கொடுத்தால் மாதம் 400 ரூபாய், வருடத்துக்கு 4,800 ரூபாய் குறைகிறது. வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அது.

உலக வங்கியின் கணக்குப்படி, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு 200 டாலர் அனுப்ப ஆகும் உலக சராசரி செலவு 6 சதவிகிதத்துக்கு மேல். அந்தக் கணக்கில் கட்டணத்தோடு விகிதத்தில் போகும் நஷ்டமும் சேர்த்தே பார்க்கப்படுகிறது. 2030-க்குள் இதை 3 சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கும் இலக்குகளில் ஒன்று.

குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘இத்தனை திர்ஹாம் கொடுத்தால், அம்மாவின் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?’ இரண்டு மூன்று இடங்களில் இதே கேள்வியைக் கேட்டு, அதிக ரூபாய் சொல்லும் இடத்தில் அனுப்பினால் போதும். கட்டணம், விகிதம், வரி எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும்.

ஃபாரெக்ஸ் கார்டும் யு.பி.ஐ-யும்

முன்கூட்டியே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு நல்ல வழிதான். ஏற்றும் அன்றே விகிதம் உறுதியாகிவிடும். ஆனால், எந்தக் கரன்சி ஏற்றினீர்களோ அதே கரன்சியில் செலவு செய்தால்தான் லாபம். டாலர் ஏற்றிய கார்டைத் தாய்லாந்தில் தேய்த்தால் டாலர் பாட்டாக மாறும்போது மறுபடியும் ஒரு கட்டணம் விழும். மீதிப் பணத்தைத் திருப்பித் தரும்போது குறைந்த விலைதான் கிடைக்கும். தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. மார்க்அப் இல்லாத கிரெடிட், டெபிட் கார்டுகளையும் சில வங்கிகள் தருகின்றன. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து, அடிக்கடி வெளிநாடு செல்பவர்கள் வாங்கலாம்.

யு.பி.ஐ-யும் கடல் தாண்டிவிட்டது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் ‘பேநவ்’ முறையோடு இணைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரிஷியஸிலும் தொடங்கப்பட்டது. ஸ்கேன் செய்து கட்டும்போது, பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் ரூபாய்த் தொகை தெரியும். அங்கேயும் அதே வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

கிளம்புவதற்கு முன்... திரும்பி வந்த பின்...

* கார்டின் ‘மிக முக்கிய நிபந்தனைகள்’ என்ற ஆவணத்தில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள். வீட்டில் நாலு கார்டு இருந்தால், குறைவானதை எடுத்துச் செல்லுங்கள்.

* வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்தால்தான் கார்டு அங்கே வேலை செய்யும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த பாதுகாப்பு விதி இது. திறக்கும்போதே ஒரு வரம்பும் வையுங்கள். ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள்.

* கடையிலும் ஏ.டி.எம்-மிலும் எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்வு செய்யுங்கள். மெஷினை நீங்களே பார்த்து அழுத்துங்கள்.

* கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டார்களா? அங்கேயே அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைப் பத்திரமாக வைத்து, உங்கள் வங்கியில் புகார் செய்யுங்கள்.

* கார்டைத் தேய்த்த நாளின் விகிதமும் கணக்கில் ஏறும் நாளின் விகிதமும் வேறாக இருக்கலாம். எஸ்.எம்.எஸ்-ஸில் வந்த தொகையோடு நிறுத்தாமல் ஸ்டேட்மென்ட்டையும் பாருங்கள்.

* சொன்னதைவிட அதிகமாக வங்கி பிடித்திருந்தால் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வரவில்லை அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கரன்சியை மாற்றித் தருவதற்கு வங்கிகளுக்கும் செலவு உண்டு. அதற்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. எவ்வளவு வாங்குகிறோம் என்பதைக் கட்டும் இடத்திலேயே, கட்டுபவருக்குப் புரியும்படி சொல்லாததுதான் பிரச்னை. அதைச் சொல்லும் காலம் வரும்வரை, கேட்கும் வேலை நம்முடையது.

மதுரை அம்மாவின் கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே! மறுநாள் விமான நிலையத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு 30 வெள்ளிக்குச் சாக்லேட் வாங்குகிறார். மெஷின் அதே கேள்வியைக் கேட்கிறது. இந்த முறை மகள் அருகில் இருக்கிறாள்.

“அம்மா, வெள்ளியையே அழுத்தும்மா. ரூபாய்க் கணக்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.”

அம்மா வெள்ளியை அழுத்துகிறார். மிச்சம் என்னவோ அறுபது, எழுபது ரூபாய்தான். ஆனால், அடுத்த ஆண்டு பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கியில் போய் உட்காரும்போது, ‘டாலருக்கு என்ன விலை போடுறீங்க தம்பி?’ என்று முதலில் கேட்கப் போகிறவர் அவர்தான்.